கொந்தளிக்கும் காற்றும் கோள்களின் படமும்

1839இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒளிப்படக்கலை, சில பத்தாண்டுகளுக்குள் வானியலின் பெரும்பாலான துறைகளிலிருந்து பென்சிலை வெளியேற்றிவிட்டது. சூரியனின் கரும்புள்ளிகளையும் விண்மீன்களின் நிறமாலைகளையும் மங்கலான நெபுலாக்களையும் ஒளித்தகடுகள் கண்ணைவிடத் துல்லியமாகப் பதிந்து காட்டின. கோள்களின் முகத்தைப் பதிவதில் மட்டும் நிலைமை வேறாக இருந்தது. அங்கே பயிற்சி பெற்ற கண்ணும் தாளில் ஓடும் பென்சிலும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கேமராவை வென்றுகொண்டே இருந்தன. அந்தத் தோல்வியிலிருந்து கேமராவை மீட்டதும் பெரும் ஆய்வகம் ஒன்றின் விலையுயர்ந்த கருவியன்று, கணினித் திரையின் மேல் பொருத்திக்கொண்டு உறவினரோடு பேசுவதற்காக விற்கப்பட்ட மலிவான வெப்கேமரா. வீட்டுக் கொல்லையிலும் மொட்டைமாடியிலும் தொலைநோக்கி வைத்திருந்த ஆர்வலர்கள் கோள்களின் அன்றாட வரலாற்றை எழுதுவோராக உயர்ந்த கதை, இந்த முரணோடு பின்னிக் கிடக்கிறது.

முரணின் வேர் காற்றில் இருக்கிறது. பூமிக்கு மிக அருகில் வரும் காலத்திலும் வியாழனின் வட்டு வானில் சுமார் 50 வில்விநாடி அகலமே கொண்டது. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் வரும் ஒரு பங்கே வில்விநாடி எனப்படும். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள நாணயம் ஒன்றை 100 மீட்டர் தொலைவில் நிறுத்திப் பார்த்தால் தெரியும் அளவு அது. இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி, ஒளியியல் விதிகளின்படி, சுமார் 0.6 வில்விநாடி நுட்பம் வரை பிரித்துக் காட்ட வல்லது. எனவே அந்தச் சிறிய வட்டுக்குள்ளும் பட்டைகள், புள்ளிகள், சுழல்கள் என்று பார்ப்பதற்கு நிறையவே உண்டு. ஆனால் வெப்பமும் குளிர்ச்சியுமான காற்றுத் திரள்கள் ஒளிக்கதிரை வெவ்வேறு அளவில் வளைத்துக்கொண்டே இருப்பதால், சாதாரண இரவுகளில் இந்த நுட்பம் இரண்டு மூன்று வில்விநாடிக் குழப்பத்துக்குள் கரைந்துபோகிறது. விண்மீன்கள் கண்சிமிட்டுவதற்குக் காரணமான அதே கொந்தளிப்புதான் இது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பாயும் தாரைக்காற்று, பகல் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் வெளிவிடும் சிமெண்டுத் தளம், அடுத்த வீட்டுக் கூரை, இன்னும் ஆறாத தொலைநோக்கிக் குழாய் ஆகிய எல்லாம் இதில் பங்கு கொள்கின்றன. இந்தக் கொந்தளிப்பின் தரத்தை வானியலர் 'சீயிங்' என்றே உலகெங்கும் குறிப்பிடுகின்றனர்.

கண்ணருகு வில்லையில் கண் வைத்துக் காத்திருப்பவருக்கு, நீரடியில் கிடப்பது போல் நெளிந்துகொண்டிருக்கும் வட்டு, எதிர்பாராத ஒரு கணத்தில் சட்டென்று அசைவற்று நின்று, அதுவரை தெரியாத நுண்கோடுகளையெல்லாம் காட்டிவிட்டு மீண்டும் கலங்கிப்போகும். மனித மூளை கலங்கிய கணங்களைக் கழித்துவிட்டுத் தெளிந்த கணங்களை மட்டும் நினைவில் சேர்த்துக்கொள்கிறது. ஒளித்தகட்டுக்கு இந்தத் தேர்வு கிடையாது. மூடி திறந்திருந்த சில விநாடிகளில் வந்த நல்லதையும் கெட்டதையும் அது ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துப் பூசிவிடும். கோள்களைப் படமெடுக்கும் கலையின் வரலாறு முழுவதும், கண்ணுக்கு இயல்பாக வாய்த்த இந்தத் தேர்வைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சியாகவே அமைந்தது.

வீட்டுக் கொல்லை வானியலின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம்; எனினும் இங்கிலாந்தின் பாத் நகரில் நியூ கிங் தெருவின் 19ஆம் எண் வீட்டுத் தோட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஹனோவரிலிருந்து குடியேறித் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் இசை கற்பித்தும் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷெல், 1781 மார்ச் 13 இரவில், தாமே செய்த தொலைநோக்கியில் யுரேனசைக் கண்டது அந்தத் தோட்டத்தில்தான். அதன் ஆடி சுமார் 16 சென்டிமீட்டர் விட்டமே உடையது. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்த உலோகக் கலவையைக் குழிவாகத் தேய்த்து மெருகேற்றி அக்காலத்தில் ஆடிகள் செய்யப்பட்டன. மெருகேற்றும்போது கையெடுத்தால் வடிவம் கெட்டுவிடும் என்பதால், ஒருமுறை பதினாறு மணிநேரம் தொடர்ந்து உழைத்த தமையனுக்கு உணவைத் துண்டு துண்டாக வாயில் ஊட்டியதாகத் தங்கை கரோலின் எழுதிவைத்திருக்கிறார். யுரேனசை அதற்கு முன்பும் வானியலர் சிலர் பார்த்து, விண்மீன் என்று குறித்துவைத்துப் போயிருந்தனர். அது புள்ளியன்று, சிறிய வட்டு என்பதை ஹெர்ஷெல் கண்டுகொண்டார் என்றால், அதற்கு அவர் ஆடியின் தரமும் அவர் கண்ணின் பயிற்சியுமே காரணம். அவரும் முதலில் அதை வால்மீன் என்றே எண்ணினார்.

உலோக ஆடிகள் விரைவில் மங்கிப்போகும். மங்கியதை மீண்டும் மெருகேற்றினால் வடிவத்தை மறுபடி முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும். 1856-57இல் ஜெர்மனியில் ஷ்டைன்ஹைலும் பிரான்சில் ஃபூக்கோவும் கண்ணாடியின் மேல் மெல்லிய வெள்ளிப்பூச்சு ஏற்றி ஆடி செய்யும் முறையைக் கொண்டுவந்த பிறகு இந்தத் துன்பம் தீர்ந்தது. ஃபூக்கோ அதோடு நிற்காமல், ஒரு சிறு விளக்கும் ஒரு கத்தி முனையும் இருந்தால் ஆடியின் வளைவில் உள்ள மிக நுண்ணிய பிழையையும் நிழலாகக் காட்டிவிடும் சோதனையையும் வகுத்தார். விலை குறைந்த, எடை குறைந்த, தரமான தொலைநோக்கி நடுத்தர வருவாய்க்காரரின் கைக்கு வந்தது. தாமஸ் வெப் என்ற கிராமப் பாதிரியார் சாதாரணத் தொலைநோக்கிகளுக்கான வானப் பொருள்களைப் பற்றி 1859இல் வெளியிட்ட கையேடு, பல தலைமுறை ஆர்வலர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

கேமராவும் இதற்குள் வானத்தின் பக்கம் திரும்பியிருந்தது. நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் 1840இலேயே வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் சந்திரனைப் பதிந்தார். சந்திரனின் அகலம் ஏறத்தாழ 1,800 வில்விநாடி, ஒளியும் மிகுதி. கோள்களோ சிறியவை, பெரிதாக்கினால் ஒளி மங்கும், ஒளி மங்கினால் தகட்டை நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும், திறந்துவைத்தால் காற்று கலக்கிவிடும். இந்த வட்டத்திலிருந்து முதலில் ஓரளவு வெளியே வந்தவர், தொழிலால் சுகாதாரப் பொறியாளரான ஆண்ட்ரு ஏன்ஸ்லி காமன். லண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்திய 36 அங்குலத் தொலைநோக்கியால் 1879இல் வியாழனையும் பின்னர் சனியையும் அவர் படமெடுத்தார். அந்த வியாழன் படத்தில் பெருஞ்செம்புள்ளி தெரிகிறது. பாரிஸ் ஆய்வகத்தின் ஹென்றி சகோதரர்களும் அதே காலத்தில் உலர் தகடுகளில் நல்ல படங்கள் எடுத்தனர். ஆயினும் இவற்றில் எதுவும், அந்நாளில் ஆறேழு அங்குலத் தொலைநோக்கியோடு அமர்ந்த தேர்ந்த ஆர்வலர் ஒருவர் வரைந்த படத்துக்கு ஈடாகவில்லை.

அந்த வரைபட மரபு சற்று விரிவாகப் பேசத் தக்கது. 1890இல் தொடங்கிய பிரித்தானிய வானியல் சங்கம், ஒவ்வொரு கோளுக்கும் தனிப்பிரிவு வைத்து, வழக்கறிஞர், ஆசிரியர், வணிகர், குடும்பப் பெண்கள் என்று பலதிறப்பட்ட உறுப்பினர்களின் பதிவுகளைத் திரட்டியது. வியாழன் பத்து மணிநேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுவதால், முழு வட்டையும் வரைந்து முடிக்கக் கால்மணிநேரத்துக்கு மேல் கிடையாது. அதற்குள் கோள் ஒன்பது பாகை திரும்பிவிடும். எனவே பார்ப்போர் முட்டை வடிவ வெற்று வட்டுகளை முன்கூட்டியே அச்சிட்டு வைத்துக்கொண்டு, முதலில் பெரிய பட்டைகளையும் பிறகு ஓரத்தில் மறையப்போகும் புள்ளிகளையும் இறுதியில் நடுவிலுள்ள நுட்பங்களையும் வரைவது வழக்கம். இதைவிடப் பயன் மிக்கது கடிகாரமும் கையுமாகச் செய்யும் மற்றொரு வேலை: வட்டின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் கற்பனைக் கோட்டை ஒரு புள்ளி எந்த நிமிடத்தில் கடக்கிறது என்று குறித்தல். ஒரு நிமிடப் பிழை கோளின் நெட்டாங்கில் 0.6 பாகையே ஆகும் என்பதால், வாரக்கணக்கில் இப்படிக் குறித்து வந்தால் அந்தப் புள்ளி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது தெளிவாகிவிடும். பிரைட்டனில் வழக்கறிஞராக இருந்த ஸ்டான்லி வில்லியம்ஸ், இம்முறையைக் கொண்டு, வியாழனில் ஒன்பது தனித்தனி ஓட்டங்கள் வெவ்வேறு வேகத்தில் கோளைச் சுற்றி வருகின்றன என்று 1896இல் நிறுவினார். அவரிடம் இருந்தது சுமார் பதினாறு சென்டிமீட்டர் தொலைநோக்கி. விண்கலங்கள் பிற்காலத்தில் அளந்த காற்றோட்டங்களின் முதல் வரைவு ஒரு வழக்கறிஞரின் மாலைநேர வேலையாக அமைந்தது என்பது வானியல் நூல்களில் போதிய இடம் பெறாத செய்தி.

கண்ணின் வெற்றிக்குக் கண்ணின் பெருந்தவறும் நிழலாகத் தொடர்ந்தது. 1877இல் செவ்வாய் மிக அருகில் வந்தபோது, மிலானில் ஜொவான்னி ஸ்கியாபரெல்லி அதன் மேல் நேர்கோடுகள் ஓடுவதாக வரைந்தார். அமெரிக்கச் செல்வர் பெர்சிவல் லோவெல் அவற்றை அறிவுடைய உயிர்கள் வெட்டிய பாசனக் கால்வாய்கள் என்று கொண்டு, 1894இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் தம் பொருளில் ஓர் ஆய்வகமே எழுப்பினார். கிரீனிச் ஆய்வகத்தின் வால்டர் மாண்டர் இதை ஐயுற்று, 1903இல் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஒழுங்கற்ற புள்ளிகளும் நிழல்களும் மட்டுமே கொண்ட வட்டு ஒன்றைத் தொலைவில் தொங்கவிட்டு வரையச் சொன்னபோது, பல சிறுவர்கள் புள்ளிகளை இணைத்து நேர்கோடுகளாக வரைந்து கொடுத்தனர். பார்வையின் எல்லையில் நிற்கும் நுட்பங்களை மூளை கோடுகளாகக் கோத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று அப்போது இல்லை.

விவாதத்தை ஒளிப்படத்தால் தீர்க்க விரும்பிய லோவெல், உதவியாளர் கார்ல் லாம்ப்லண்டிடம் அப்பணியை ஒப்படைத்தார். லாம்ப்லண்ட் செய்தது காலத்தை முந்திய வேலை. ஒரே தகட்டில் வரிசை வரிசையாகச் செவ்வாயின் சிறுசிறு படங்களை எடுத்துக்கொண்டே போய், அவற்றில் ஏதேனும் ஒன்று காற்று அடங்கிய கணத்தில் விழுந்திருக்கும் என்று நம்புவதே அவர் முறை. 1905இல் எடுத்த அப்படங்களுக்கு லண்டனின் அரச ஒளிப்படச் சங்கம் 1907இல் பதக்கம் அளித்தது. அதே ஆண்டில் வானியலர் டேவிட் டாட் தலைமையில் சிலி நாட்டுப் பாலைவனத்துக்குச் சென்ற குழு, செவ்வாயின் படங்களை ஆயிரக்கணக்கில் எடுத்துத் திரும்பியது. ஆனால் ஒவ்வொரு படமும் சில மில்லிமீட்டர் அகலமே இருந்தது. தகட்டின் வெள்ளித் துகள்களே நுட்பங்களின் அளவுக்குப் பருத்திருந்தன. அச்சுக்குப் போனதும் மிச்சமிருந்த நுட்பமும் அழிந்தது. கால்வாயை நம்பியவர் அப்படங்களில் கால்வாயைக் கண்டார், நம்பாதவர் காணவில்லை. வழக்கை முடித்தது மறுபடியும் ஒரு கண். பாரிசை அடுத்த மூடோனில் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியில், 1909 செப்டம்பர் 20 இரவு காற்று அரிதாக அசைவற்றிருந்தபோது, யூஜின் அந்தோனியாடி கால்வாய்களின் இடத்தில் ஒழுங்கற்ற திட்டுகளும் புள்ளிக்கோவைகளும் பரந்து கிடப்பதைக் கண்டு வரைந்தார்.

ஒளிப்படத்தின் கைகள் இதற்குப் பிறகு மெல்ல வலுப்பட்டன. பிரான்சின் பிரனீஸ் மலைத்தொடரில் 2,870 மீட்டர் உயரத்தில் உள்ள பிக் தூ மிடி ஆய்வகத்தில், பெர்னார் லியோ 1940களில் ஒரே கோளின் பல நெகட்டிவ்களைத் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். தனித்தனிப் படங்களில் சிதறிக் கிடக்கும் துகள் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ள, எல்லாவற்றுக்கும் பொதுவான நுட்பம் மட்டும் மேலெழுந்து நின்றது. லாம்ப்லண்டின் பல படங்களும் லியோவின் அடுக்குதலும் சேர்ந்தால் இன்றைய முறையின் கரு முழுமையாகிவிடுகிறது. அவற்றை இணைத்து வேகமாகச் செய்ய ஒரு கருவி மட்டுமே பாக்கியிருந்தது.

கண் தோற்று ஒளித்தகடு வென்ற ஒரு நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். வெள்ளியின் மேகப் போர்வை கண்ணுக்கு ஏறத்தாழ வெறுமையானது. ஆனால் புறஊதா ஒளியில், அதாவது ஊதாவுக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத ஒளியில், அதில் கருநிழல்கள் தெரியும் என்பதை அமெரிக்காவின் ஃபிராங்க் ராஸ் 1927இல் காட்டியிருந்தார். காங்கோவின் பிராசவில் நகரில் நீதிபதியாகப் பணியாற்றிய சார்ல் புவாயே என்ற பிரெஞ்சு ஆர்வலர், தாமே அமைத்த 26 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் 1957இல் அத்தகைய படங்களை நாள்தோறும் எடுத்து, ஒரே நிழல் நான்கு நாளுக்கு ஒருமுறை திரும்பி வருவதைக் கண்டார். மேகங்கள் நான்கு நாளில் கோளைச் சுற்றுகின்றன என்ற அவர் முடிவைத் தொழில்முறை வானியலர் பலர் நெடுநாள் ஏற்கவில்லை. 1974இல் வெள்ளியைக் கடந்து சென்ற மரைனர்-10 விண்கலம் அதை உறுதிப்படுத்தியது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் கோள்கள் தலைக்கு மேலே உயர்ந்து நிற்பது புவாயேவுக்கு வாய்த்த நற்பேறு.

இருபதாம் நூற்றாண்டில் தொலைநோக்கி செய்தல் ஒரு மக்கள் கலையாகவே பரவியது. வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், துருவப் பயணங்களுக்குச் சென்று வந்த ரஸ்ஸல் போர்ட்டர், இயந்திரத் தொழிலாளர் குழு ஒன்றுக்கு 1920இல் ஆடி தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்; 1925இல் அவர்களைப் பற்றி 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஆல்பர்ட் இங்கால்ஸ் எழுதிய கட்டுரை பெரும் அலையை எழுப்பியது. வேலை எளியது, பொறுமை மட்டும் கடினம். ஒரே அளவுள்ள இரு கண்ணாடி வட்டுகளுக்கு இடையில் கார்போரண்டம் பொடியையும் தண்ணீரையும் இட்டு, கீழ் வட்டைப் பீப்பாயின் மேல் நிறுத்தி, பீப்பாயைச் சுற்றி நடந்தபடியே மேல் வட்டை முன்னும் பின்னும் தேய்த்தால், மேலது குழியும், கீழது புடைக்கும். பொடியை நுண்மையாக்கிக்கொண்டே போய், கடைசியில் கீல் பூசிய தட்டில் செந்நிற இரும்பு ஆக்சைடைத் தடவி மெருகேற்ற வேண்டும். முடிவில் வேண்டிய துல்லியம் ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைத் தேய்ப்பவரின் கையும், அளப்பதற்கு ஃபூக்கோவின் கத்தி முனையும் போதும். பின்னாளில் சான்பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாக வாழ்ந்த ஜான் டாப்சன், கப்பல் சன்னல் கண்ணாடிகளைத் தேய்த்து ஆடி செய்ததும், மடத்தை விட்டு வெளிவந்த பின் 1968இல் நண்பர்களோடு சேர்ந்து நடைபாதையில் வழிப்போக்கருக்கு வானத்தைக் காட்டும் சங்கம் அமைத்ததும், அவருடைய மரப்பலகைத் தாங்கி இன்று அவர் பெயராலேயே உலகெங்கும் விற்கப்படுவதும் இம்மரபின் கிளைகள்.

இப்படிப் பல்லாயிரம் தொலைநோக்கிகள் பெருகியும், படச்சுருள் காலத்தில் ஆர்வலரின் கோள் படங்கள் பொதுவாக ஏமாற்றமே தந்தன. கேமராவின் மூடி திறக்கும் அதிர்வே படத்தைக் கெடுத்துவிடும் என்பதால், தொலைநோக்கியின் வாய்க்கு முன்னால் கருப்பு அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மூடியைத் திறந்து அதிர்வு அடங்கிய பின் அட்டையை விலக்கி, ஓரிரு விநாடி எண்ணி மீண்டும் மறைப்பது அன்றைய உத்தி. ஒரு சுருளில் 36 படங்கள். கழுவிப் பார்த்தால் ஒன்றோ இரண்டோ தேறும். 1933 ஆகஸ்ட் 3 அன்று சனியின் மேல் தோன்றிய பெரும் வெண்புள்ளியைக் கண்டுபிடித்தவர் லண்டன் புறநகரில் ஆறு அங்குலத் தொலைநோக்கி வைத்திருந்த மேடை நகைச்சுவை நடிகர் வில் ஹே என்பதும், அதற்கு அவர் எந்தக் கேமராவையும் நம்பவில்லை என்பதும் அக்கால நிலையைக் காட்டும்.

மாற்றத்தின் கோட்பாடு, கருவிக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்க அறிஞர் டேவிட் ஃபிரீட், காற்றுக் கொந்தளிப்பின் அளவை ஒரே நீளத்தால் குறிக்கும் வழியை 1966இல் வகுத்தார்; எத்தனை சென்டிமீட்டர் அகலம் வரை ஒளியலை பெரிதாகச் சிதையாமல் வருகிறதோ, அந்த நீளமே இன்று அவர் பெயரால் வழங்குகிறது. சாதாரண இரவில் அது ஐந்து சென்டிமீட்டர் அளவில் இருக்கலாம். மிகக் குறுகிய நேரத்தில் எடுத்த படம் ஒன்று, தற்செயலாகக் கொந்தளிப்பிலிருந்து தப்பித் தெளிவாக அமைய வாய்ப்பு எவ்வளவு என்று 1978இல் அவர் கணக்கிட்டார். தொலைநோக்கியின் விட்டம் அந்த நீளத்தைப் போல் ஐந்து மடங்கானால் ஏறத்தாழ ஒன்பது படங்களில் ஒன்று தேறும். ஏழு மடங்கானால் சுமார் முந்நூற்றைம்பதில் ஒன்று. பத்து மடங்கானால் பத்து இலட்சத்தில் ஒன்று. பெரும் ஆய்வகங்களின் பல மீட்டர் ஆடிகளுக்கு இந்தக் குலுக்கல் சீட்டு ஒருபோதும் விழாது. 25 சென்டிமீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கும் கொல்லைக்காரருக்கோ விநாடிதோறும் விழும். செலவு குறைந்த கருவிக்கு இயற்கையே இடஒதுக்கீடு தந்துவிட்ட இத்தகைய துறை அறிவியலில் வேறு எத்தனை உண்டு என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சிசிடி என்னும் சிலிக்கான் சில்லை 1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் உருவாக்கினர். படச்சுருளைவிடப் பன்மடங்கு ஒளியுணர்வு கொண்ட அது, முதலில் விலையால் எட்டாக்கனியாக இருந்தது. 1990களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டின் தொடக்கத்திலும், சிறு சிசிடி பொருத்திய பிலிப்ஸ் டூகேம் போன்ற வெப்கேமராக்கள் கடைகளில் கிடைக்கத் தொடங்கியதும், ஆர்வலர்கள் அவற்றின் முன்வில்லையைத் திருகி எடுத்துவிட்டு, கண்ணருகு வில்லை இருக்கும் துளையில் செருகிக்கொண்டனர். 640க்கு 480 புள்ளிகளே கொண்ட அதன் படம் முழுச் சந்திரனுக்குப் போதாது. ஐம்பது வில்விநாடிக் கோளுக்கோ தாராளம். விநாடிக்குப் பத்துப் பிரேம் என்று இரண்டு நிமிடம் ஓடவிட்டால் 1,200 படங்கள் கைக்கு வந்துவிடும். அவற்றில் தெளிந்தவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, சராசரி எடுக்கும் ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளை நெதர்லாந்தின் கோர் பெர்ரெவூட்ஸ் 2002இல் இலவசமாக வெளியிட்டார். தொள்ளாயிரம் படங்களை அடுக்கினால் தற்செயல் இரைச்சல் முப்பதில் ஒரு பங்காகக் குறையும். குறைந்த பின், மங்கலுக்குள் புதைந்திருந்த நுட்பத்தைக் கணினியால் கூர்மைப்படுத்தி எடுக்கலாம். கலங்கிய கணத்தைக் கழித்துத் தெளிந்த கணத்தைச் சேர்க்கும் கண்ணின் வேலையைக் கருவி கற்றுக்கொண்டது. முன்பு ஒரு மீட்டர் தொலைநோக்கியும் தராத படங்களை இருபது சென்டிமீட்டர் தொலைநோக்கிகள் தரத் தொடங்கின.

பயன் உடனே தெரிந்தது. வியாழனின் தென்பகுதியில் 1939-40 அளவில் தோன்றிய மூன்று வெண்ணிற நீள்வட்டப் புயல்களை ஆர்வலர்கள் பென்சிலால் தொடர்ந்து வந்திருந்தனர். அவை 1998க்கும் 2000க்கும் இடையில் ஒன்றோடொன்று கலந்து ஒரே புயலாயின. அப்புயல் வெண்மை நீங்கிச் செந்நிறமாக மாறிவிட்டதை, பிலிப்பைன்சின் செபு நகரிலிருந்து 11 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படத்தில் கிறிஸ்டபர் கோ 2006 பிப்ரவரி 24 அன்று கண்டறிந்தார். சில வாரங்களில் ஹப்பிள் தொலைநோக்கியும் அதன் பக்கம் திருப்பப்பட்டது. 2009 ஜூலை 19 நள்ளிரவுக்குப் பின், ஆஸ்திரேலியாவின் மரம்பேட்மன் ஊரில் கணினி நிரலர் ஆந்தனி வெஸ்லி, சீயிங் மோசமாகிவருவதால் கடையைக் கட்டிவிடலாமா என்று எண்ணி, பிறகு இன்னும் அரைமணி பார்க்கலாம் என்று தொடர்ந்தபோது, வியாழனின் தென்துருவத்தருகில் புதிய கருந்தழும்பு ஒன்று திரையில் சுழன்று வந்தது. ஏதோ ஒரு விண்பொருள் மோதிய வடு அது என்பதைப் பெரும் ஆய்வகங்கள் அடுத்த நாள்களில் உறுதிசெய்தன.

செபு வட அட்சம் பத்துப் பாகையில் இருப்பது இங்கே பொருளற்ற தகவலன்று. வியாழன் தெற்கே தாழ்ந்திருந்த 2019இல் லண்டனில் அது உச்சி கடக்கும்போதும் அடிவானத்துக்கு மேல் சுமார் 16 பாகையே உயர்ந்தது. தலைக்கு நேர்மேலே இருப்பதைப் போல் மூன்றரை மடங்குக்கு மேலான காற்றைத் துளைத்து அதன் ஒளி வர வேண்டியிருந்தது. சென்னையிலோ திருநெல்வேலியிலோ வியாழன் உச்சி கடக்கும்போது 50 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. மழைக்கால மேகத்தைக் கழித்துவிட்டால், கோள்களைப் படமெடுக்க லண்டன் ஆர்வலர் ஏங்கும் வானம் தமிழ்நாட்டின் மொட்டைமாடிகளுக்கு மேல் இயல்பாகவே விரிந்திருக்கிறது.

கூர்மைப்படுத்தும் மென்பொருள் தன் பங்குக்கு ஓர் இடரையும் கொண்டுவந்தது. அளவு மீறினால் அது சனியின் வளையத்தில் இல்லாத இடைவெளியையும் செவ்வாயின் ஓரத்தில் இல்லாத வெண்கோட்டையும் வரைந்துவிடும். மாண்டரின் பள்ளிச் சிறுவர்கள் செய்ததை இப்போது கணினி செய்கிறது. அதனால்தான் தொலைதூரத்தில் வேறொரு கருவியில் வேறொருவர் எடுத்த படத்திலும் தென்பட்டால் மட்டுமே புதிய நுட்பத்தை ஏற்பது என்ற வழக்கம் இத்துறையில் வேரூன்றியது. 2010 ஜூன் 3 அன்று வெஸ்லியின் காணொளியில் வியாழனின் மேல் சுமார் இரண்டு விநாடி நீடித்த ஒளிப்பொறி ஒன்று பதிவானது. தழும்பு எதுவும் எஞ்சவில்லை. செய்தியறிந்த கிறிஸ்டபர் கோ அன்றிரவு தாம் எடுத்திருந்த காணொளியைத் தேடிப் பார்க்க, அதே கணத்தில் அதே இடத்தில் அப்பொறி இருந்தது. ஒருவர் சிவப்பு வடிகட்டியிலும் மற்றவர் நீல வடிகட்டியிலும் பதிந்திருந்ததால், இரு நிறத்தின் ஒளியளவையும் ஒப்பிட்டு, எரிந்துபோன பொருள் 8 முதல் 13 மீட்டர் வரை அகலமுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கணித்தனர்.